ஒரே நிலா, இரண்டு அர்த்தம்
கற்பனை உலக ரோல்பிளே ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவது) நடத்துகிறீர்களா? தெய்வச் சின்னத்துக்கு ஒரே ஒரு அர்த்தத்தை எழுதி வைத்துவிடாதீர்கள். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டத்தின் குளோராந்தா உலகத்தைப் பாருங்கள். வானத்தில் இடம் மாறாமல் தொங்கும் சிவப்பு நிலா, லூனார் பேரரசின் மக்களுக்குத் தேவி. புயல் தெய்வம் ஒர்லாந்தைக் கும்பிடும் குலங்களுக்கோ அது உலகத்துக்கு வந்த கேடு. சூரியனான யெல்மை ஒர்லாந்த் கொன்ற கதையும் அப்படித்தான்: ஒர்லாந்த் பக்கம் கேட்டால் கொடுங்கோலன் ஒழிந்தான், யெல்ம் பக்கம் கேட்டால் ராஜத்துரோகம்.

சரி, மேசையில் என்ன செய்வது? ஒரு கதாபாத்திரத்துக்குக் கனவில் தெய்வத்தின் அழைப்பு வந்தால், காட்சியை மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள்: சிவப்பு நிலா ஊர்க் கிணற்றுக்குள் இறங்குகிறது. அப்புறம் அவரவர் குலம் அதை எப்படிப் படிக்கும் என்பதைத் துண்டுச் சீட்டில் தனித்தனியாகக் கொடுங்கள். புயல் குலத்துக்காரர் கிணற்றை மூடச் சொல்வார். லூனார்க்காரர் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வார். எது சரி என்று உங்களைத்தான் நச்சரிப்பார்கள். வாயைத் திறக்காதீர்கள். பூசாரியிடம் அனுப்புங்கள், அவரும் ஏதோ ஒரு குலத்துக்காரர்தானே.