வலப்பக்கம் திருப்பினால் குறைந்த நாப்

மவுஸைத் தொடாமல் பாட்டை மிக்ஸ் செய்யத்தான் எட்டு நாப் (திருகு குமிழ்) உள்ள மிடி கன்ட்ரோலர், அதாவது இசை மென்பொருளுக்குக் கட்டளை அனுப்பும் கருவி, வாங்கினேன். முதல் நாளே தகராறு. ஃபில்டர் கட்ஆஃபுக்கு (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்ற அளவுக்கு) ஒதுக்கிய நாபை வலப்பக்கம் ஒரு சொடுக்கு திருப்பினால் அளவு அடிமட்டத்துக்கு விழும். இடப்பக்கம் திருப்பினால் உச்சிக்குத் தாவும். நடுவில் நிற்கவே நிற்காது.

கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். நாப்தான் பழுது என்று திருப்பி அனுப்பவும் இருந்தேன். ஆனால் எட்டும் ஒரே மாதிரி பழுதாகுமா?

மூன்றாம் நாள், கருவி அனுப்பும் எண்களைக் காட்டும் மிடி மானிட்டரைத் திறந்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கம் 1, இடப்பக்கம் 127. வேகமாகத் திருப்பினால் 3, 125. அதாவது நாப் 'எங்கே இருக்கிறேன்' என்று சொல்லவில்லை, 'எவ்வளவு நகர்ந்தேன்' என்று சொல்கிறது. மென்பொருளோ 0 முதல் 127 வரையிலான அப்சல்யூட் அளவாகவே, அதாவது நாப் நிற்கும் இடமாகவே, அதை எடுத்துக்கொண்டது.

மென்பொருளில் ரிலேட்டிவ் (நகர்வை மட்டும் கணக்கிடும் முறை) என்று மாற்றியும் தாவியது. இங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள்: ரிலேட்டிவிலும் வகை உண்டு. மென்பொருள் தேர்ந்திருந்தது பைனரி ஆஃப்செட். அதில் நடுப்புள்ளி 64, ஆகவே 65 என்றால் ஒன்று கூட்டல், 63 என்றால் ஒன்று கழித்தல். அந்தக் கணக்கில் என் 1 என்பது மைனஸ் 63! 1 என்றால் ஒன்று கூட்டல், 127 என்றால் ஒன்று கழித்தல் என்று படிக்கும் டூஸ் காம்ப்ளிமென்ட் வகைக்கு மாற்றி, எட்டு நாபையும் மறுபடி லேர்ன் செய்தேன் (எந்த நாப் எதற்கு என்று மென்பொருளுக்குக் காட்டினேன்). இப்போது ஒரு சொடுக்குக்கு ஒரு படிதான் நகர்கிறது.