எகிப்தியக் கல்லறைப் படகு: சவுக்குக் கட்டையில் ஒரு மாதிரி

பண்டைய எகிப்தியர் கல்லறைகளில் வைத்த மரப் படகு மாதிரியைப் பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்கிறீர்களா? உளியை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் போகிறது என்று முடிவுசெய்யுங்கள். நைல் வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறது. அதனால் தெற்கே போகும் படகில் பாய் விரிந்திருக்கும். வடக்கே போவதில் பாய்மரத்தை இறக்கிவிட்டுத் துடுப்பு வலிப்பார்கள். மத்திய இராச்சியக் காலக் (சுமார் நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய) கல்லறைகளில் இரண்டையும் சோடியாக வைப்பதும் உண்டு. முதல் முயற்சிக்குத் துடுப்புப் படகே இலகு. வலிப்பவர்கள் படகின் பின்பக்கம் பார்த்து உட்காரவேண்டும். பலர் இதைத்தான் மாற்றி வைக்கிறார்கள்.

படகின் உடலுக்கு 45 × 10 × 8 செ.மீ. சவுக்குக் கட்டை, அதாவது தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா. மரக்காலையில் காய்ந்ததாக வாங்குங்கள். வாரமொருமுறை தராசில் வையுங்கள். இரண்டு வாரம் எடை மாறாவிட்டால் செதுக்கலாம். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே போட்டால் முனை பிளக்கும். தூள் சிலருக்கு அரிப்புத் தரும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

ஆறு ஆட்கள், 8 செ.மீ. உயரம். உடம்போடு சேர்த்துக் கையைச் செதுக்காதீர்கள். நீட்டிய கையில் மர நார் குறுக்கே விழும், தொட்டாலே ஒடியும். எகிப்தியரும் கைகளைத் தனியாகச் செய்தே பொருத்தினார்கள். நார் கையின் நீளத்துக்கு ஓடட்டும். தோளில் 3 மி.மீ. துளை, அதற்கு மூங்கில் ஆணி. பெருவிரலால் தள்ளினால் போகும் அளவுக்குச் சீவுங்கள். சுத்தியலால் அடித்தால் தோள் பிளந்துவிடும்.

பிறகு வெள்ளைப் பூச்சு. 10 கிராம் வச்சிரத்தை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் தச்சுப் பசை) 100 மி.லீ. தண்ணீரில் இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதித்தால் ஒட்டும் தன்மை குறையும். முதல் பூச்சு வெறும் பசை. மீதியில் சுண்ணக்கட்டித் தூளை ஆப்பமாவுப் பதம் வரும்வரை, நுரை வராமல் கலந்து, மெல்லியதாக நான்கு முறை பூசுங்கள். வெடித்தால் பசை கூடிவிட்டது, அல்லது பூச்சு தடித்துவிட்டது. விரலில் மாவாக ஒட்டினால் பசை போதவில்லை. பனிமூட்டமான நாளில் ஒரு பூச்சு காய முழுநாள் எடுக்கும். ஈரத்தின்மேல் அடுத்ததைப் பூசினால் தோலாக உரியும்.

ஆண்களின் மேனிக்குச் செங்காவி நிறம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய செம்மண்ணே போதும்: தண்ணீரில் கலக்கி அரை நிமிடம் விட்டு, மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதில் படியும் வண்டலை நீர்த்த வச்சிரத்தோடு குழையுங்கள். தலைமயிருக்கு விளக்குக் கரி. இடுப்புத் துணிக்கு நிறம் வேண்டாம், வெள்ளைப் பூச்சே துணியாக நிற்கும். வார்னிஷ் அடித்தால் மண்ணின் மங்கல் போய்ப் பொம்மைக்கடைப் பளபளப்பு வந்துவிடும்.

துடுப்புகளைக் கடைசியில் நூலால் கட்டுங்கள்.