கயிறு கட்டிக் காட்டிவிட்டு மனுப் போடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். அனுமதிக்கு மனுப் போடும் முன் நாலு பக்கத்து நிலக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதில் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒரு வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டியைத் தாளிலேயே வாயு மூலையில், அதாவது வடமேற்கில், குறித்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு இருந்ததைப் பார்க்கவில்லை. குழி தோண்டிய அன்று அந்த வீட்டு அம்மா வந்து நின்றார். "தம்பி, நான் குடிக்கிற தண்ணியில இதைக் கலக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நம் கரையில் நல்ல தண்ணீர் உப்பு நீருக்கு மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. மணல் வழியே கழிவு சீக்கிரம் அதில் இறங்கிவிடும். குழியை மூடி, பிளானை மாற்றினோம்.

2024 ஜூலையில், விவரங்கள் சரி என்று மனுதாரரே சான்று தரும் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் முன்கூட்டி இடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடப்பாரைச் சத்தம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். அதனால் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மிடம்தான்.

முதலில் யார் யாரிடம் சொல்வது என்று பாருங்கள். பத்திரத்துச் செக்குபந்தியில், அதாவது நாலு எல்லை விவரத்தில், இருக்கும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள், பாதிப் பேர் இறந்திருப்பார்கள். புலப்படத்தில் (சர்வே துறையின் நில வரைபடம்) உங்கள் மனையை ஒட்டியிருக்கும் சர்வே எண்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பட்டாவை இணையத்தில் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் அதிலுள்ள எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அண்ணனிடம் சொல்லித் தம்பியை விட்டால் வம்பு அங்கேதான் கிளம்பும்.

அப்புறம் பிளான் தாளை நீட்டாதீர்கள். முளை அடித்து, கயிறு கட்டி, பக்கத்து நிலக்காரரை அழைத்து வந்து நிறுத்துங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டால் கச்சான் காற்று மணலோடு வாரிக்கொண்டு போய்விடும். சுவர் எதுவரை, சன்ஷேடு எங்கே நீட்டுகிறது, மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் விழும், ஜன்னல் யார் முற்றத்தைப் பார்க்கும், எல்லைப் பனை நிற்குமா போகுமா என்று நடந்தே காட்டுங்கள். தொட்டிக்கு ஒரு கல் வைத்து, அங்கிருந்து அவர் கிணறு வரை டேப் பிடித்து அளந்து காட்டுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் எப்படி ஓடும் என்று அவரிடமே கேளுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

பேசியதைக் கடிதமாக எழுதி, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்துப் போட்டால் இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே, "இது தகவலுக்கு மட்டும்; உங்கள் எல்லையோ உரிமையோ எதுவும் குறையாது" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சர்வே எண், தேதி, உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

நிலக்காரர் துபாயிலோ மலேசியாவிலோ இருந்தால், கயிறு கட்டிய இடத்தில் நின்று வீடியோ காலில் காட்டுங்கள். பிறகு அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும், ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லையே தகராறு என்றால் பேச்சை நிறுத்திவிட்டு நில அளவைக்குப் பணம் கட்டுங்கள். சர்வேயர் வரும் தேதி பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்பாகப் போகும். அவர்கள் முன்னால் கல் ஊன்றிய பிறகு மனுப் போடலாம்.

உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வந்து சேரும். அங்கே மீனவர் ஊர்த் தலைவரையும் பாருங்கள். படகு ஏற்றும் இடமும் கரைவலை இழுக்கும் பாதையும் உங்கள் கயிற்றுக்குள் வருகிறதா என்று அவர்தான் சொல்ல முடியும். காலையில் மீன் இறக்கும் நேரத்தில் போகாதீர்கள். மதியத்துக்கு மேல், வலை பிரித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போங்கள்.