சேலத்துக்குக் குடிவரும் சின்ன நாய்க்கு நம்பகமான க்ரூமர்

துபாயோ சிங்கப்பூரோ டொரொண்டோவோ, எங்கிருந்து நாயோடு வந்தாலும் அது நேராகச் சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் செல்ல நாய்களைச் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, மும்பை, டெல்லி, கொல்கத்தா வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். சென்னையில் இறங்கினால் அங்கிருந்து 340 கிலோமீட்டர், பெங்களூரு என்றால் 200 கிலோமீட்டர் காரில் வர வேண்டும். வீடு வந்து சேரும்போது ஷிட்ஸு மாதிரி நீள முடி நாயின் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்திருக்கும், அடிவயிற்றில் மூத்திர வாடை அடிக்கும். உடனே ஒரு கடையைத் தேடிப் பிடித்துக் குளிப்பாட்டிவிடத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். வீட்டிலேயே சீப்பு போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், போதும். புது ஊர், புதுச் சூடு, தெருநாய்களின் குரைப்பு எல்லாம் பழகுவதற்குள் தெரியாத கைகளில் கொடுத்தால், அப்புறம் குளிப்பாட்டி முடி வெட்டும் க்ரூமிங் மேசையைக் கண்டாலே அலறும்.

இங்கே நாய்க்கு முடி வெட்டுவதற்கென்று தனியாக அரசு உரிமம் எதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஏதோ ஒரு பயிற்சி வகுப்பு கொடுத்ததாக இருக்கும். தப்பில்லை, ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அதனால் கடையின் பெயரை விட்டுவிட்டு, கத்திரி பிடிக்கும் ஆள் யார் என்று கேளுங்கள். நல்ல கை உள்ள பையன் ஒரு கடையிலிருந்து விலகி இன்னொரு கடைக்குப் போனால், வாடிக்கையாளர்களும் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள். பெயர்ப்பலகை மட்டும் பழைய இடத்தில் தொங்கும்.

ஆளைக் கண்டுபிடிக்க, காலை ஆறு மணிக்கு ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஸ்வர்ணபுரி பக்கம் நாயோடு நடப்பவர்களை நிறுத்திக் கேட்பதுதான் சுலபமான வழி. உங்கள் நாய் மாதிரியே முடி உள்ள நாயை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். லேப்ரடார் வைத்திருப்பவர் சொல்லும் இடம் லேப்ரடாருக்குச் சரியாக இருக்கலாம், மூன்று கிலோ யார்க்கிக்கு (யார்க்‌ஷயர் டெரியர்) அது பொருந்தாது. கால்நடை மருத்துவரிடம் முதல் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுவிட்டு, வெளியே வந்து கம்பவுண்டரிடமும் கேளுங்கள். எந்தக் கடையிலிருந்து தோல் வெந்தும் காது கிழிந்தும் நாய்கள் வருகின்றன என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பெயர் சொல்லத் தயங்குவார். "உங்க வீட்டு நாயை எங்கங்கண்ணா கொண்டு போவீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

முதல் தடவை நகம் வெட்டுவதற்கு மட்டும் போங்கள். பத்து நிமிட வேலை, செலவும் சொற்பம், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நாயை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்குகிறாரா, அடியில் கை கொடுத்து எடுக்கிறாரா? நடுங்கினால் கொஞ்சம் நிறுத்துகிறாரா, கழுத்துக் கயிற்றை இன்னும் இறுக்குகிறாரா? கருப்பு நகத்தில் ரத்தநாளம் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதைத் துளித்துளியாகச் சீவுகிறவர் நிதானக்காரர். ரத்தத்தை நிறுத்தும் பொடி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளையும் கவனியுங்கள். "கடிக்குமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். "ரேபிஸ் ஊசி போட்ட கார்டு இருக்குங்களா? வலிப்பு, இதயக் கோளாறு ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்பவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி கார்டு பார்க்காமல் எல்லா நாயையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டும் இடத்துக்கு, தடுப்பூசிகள் முடியாத குட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்கள் அப்படிப்பட்ட இடங்களில்தான் ஒட்டிக்கொள்ளும்.

இனி உலர்த்தும் விஷயம். எனக்குக் கத்திரியைவிட ட்ரையர்தான் பயம். நாயின் சாதாரண உடல் சூடே சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்த்துக் குளிராது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவும் பாதிதான் முடியும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஒரு கூண்டில் அடைத்துச் சூடான காற்றைத் திருப்பிவிட்டு ஆள் டீ குடிக்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "கூண்டு ட்ரையர் வேண்டாம், கையில் பிடித்து, சூடில்லாத காற்றில் காய வையுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கும் கடை என்றால் வந்துவிடலாம்.

இதோடு சேர்ந்த உள்ளூர்த் தொல்லை ஒன்று உண்டு, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தப் பகுதி என்று முந்தின நாள் பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தாலும் விளக்கும் ஃபேனும் ஓடுமே தவிர, ட்ரையரும் ஏசியும் இழுக்காது. ஈர நாயை அப்படியே உட்கார வைத்தால் முடியின் அடியில் பூஞ்சை பிடிக்கும். முன்பதிவு செய்யும்போதே "நாளைக்கு உங்க ஏரியா ஷட்டவுனா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. காலையின் முதல் ஆளாகப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பக்கத்தில் நிற்க விடுவார்களா என்பது அடுத்த கேள்வி. "அண்ணா, நீங்க இருந்தா அடம் பிடிக்கும், ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கண்ணா" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, உங்களைப் பார்த்துக் குதிக்கிற நாய்மீது கத்திரி பட்டுவிடும். அதற்காக மூடிய கதவுக்கு ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தோ கேமராத் திரையிலோ பார்க்க வழியிருந்தால் சரி. உங்கள் நாய்க்குத் தெரிந்த நாலைந்து சொற்களையும் சொல்லிவிட்டு வாருங்கள். 'ஸ்டே'க்கு நிற்கும் நாய் 'அசையாதே'க்கு நிற்காது.

வெயில் ஊர் என்பதால் "மொட்டை அடிச்சிடலாங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஷிட்ஸு, லாசா, மால்டீஸ், பூடுல் ஆகியவற்றுக்குக் குட்டையாக வெட்டலாம், முடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. ஒட்டச் சிரைத்தால் வெயில் நேராகத் தோலில் விழும், சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாக முடி திரும்பாமலே போகும். அடிமுடியைச் சீவி எடுத்தால் போதும். "இதுக்கு மொட்டை வேணாங்க" என்று தானாகச் சொல்லும் க்ரூமர், வரும் காசை விட்டுவிட்டு உண்மையைச் சொல்கிறார். அதேபோல சிக்கு தோலோடு ஒட்டிப் பாயாகிவிட்டால், இழுத்துப் பிரிக்காமல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்பவரும் நல்லவர்தான். அழகு பிறகு வளரும்.

மெஷினின் பிளேடு ஓட ஓடச் சூடேறும். அடிவயிற்றுத் தோல் மெல்லியது, சட்டென்று வெந்துவிடும். நடுநடுவே பிளேடைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறவர் தொழில் தெரிந்தவர்.

உண்ணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குளிர்தேசத்திலிருந்து வரும் நாய்க்கு இது புது எதிரி. நம் ஊரின் பழுப்பு உண்ணி சுவர் இடுக்கிலும் கூண்டிலும்கூடக் குடியிருக்கும், எர்லிகியா என்ற காய்ச்சலைக் கொண்டுவரும். சாப்பாடு இறங்காது, காய்ச்சலடிக்கும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். க்ரூமிங் முடிந்து வந்ததும் காதுக்குள், கால்விரல் இடுக்கில், வாலடியில் விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். ஆனால் உண்ணிக்கு மருந்து போடும் வேலையைக் கடையில் விடாதீர்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து கலந்த குளியல் சின்ன உடம்புக்கு அளவு மீறினால் நாய் துவண்டு, நாடித்துடிப்பு இறங்கிவிடும். வாய்வழி மாத்திரைகள் இங்கேயே கிடைக்கின்றன. எது, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மயக்க ஊசியும் அப்படித்தான். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி மருத்துவம் பார்ப்பது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. "கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்தா ஈஸியா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். தொட விடாத அளவுக்குப் பயந்த நாய் என்றால் மருத்துவர் உள்ள இடத்திலேயே செய்துகொள்வது மேல். சிக்கலான தோல் நோய்க்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தொலைவுதான். 1985-இல் தொடங்கியது, கோழிக்குப் பேர்போன ஊர் என்றாலும் அங்குள்ள மருத்துவமனையில் நாய்களையும் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கே வந்து செய்பவர்களும் உண்டு. வயதான நாய்க்கு அது வசதி. சீப்பையும் பிளேடையும் கிருமிநாசினியில் நனைத்த பிறகே உங்கள் நாயைத் தொட வேண்டும் என்று சொல்லுங்கள், காலையில் எந்த வீட்டு நாய்க்குச் சொறி இருந்ததோ! போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடு என்றால் ஷாம்பு சரியாக அலசாது, தோல் வறளும். கடைசி அலசலுக்கு மேட்டூர் தண்ணீரை இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிடுங்கள். மனிதர்களின் ஷாம்பு வேண்டாம்.

ஏற்காட்டில் குடியேறுகிறவர்களுக்கு நிலைமை வேறு. சுமார் 1500 மீட்டர் உயரம், வெயில் தொல்லை இல்லை, ஈரம்தான் தொல்லை. மழைமாதங்களில் காப்பித் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு வந்தால் அட்டையும் உண்ணியும் சேர்ந்தே வரும், முடி நாள்கணக்கில் காயாது. ஒரு நல்ல சீப்பும் ஒரு சின்ன ட்ரையரும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தினமும் சீவுவதை நீங்களே பழகிக்கொள்ளுங்கள். முடி வெட்ட மட்டும் சேலம் இறங்கினால் போதும். 20 கொண்டை ஊசி வளைவிலும் சின்ன நாய் வாந்தி எடுக்கும் என்பதால் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். மே மாதக் கோடை விழா நாள்களில் மலைப்பாதையில் வண்டிகள் ஊரும், அந்த வாரத்துக்கு முன்பதிவே செய்ய வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரமும் அப்படியே. கூட்டத்தில் க்ரூமர் அவசரப்படுவார், வெளியே வெடிக்கும் ஒவ்வொரு பட்டாசுக்கும் நாய் மேசையிலிருந்து துள்ளும்.