"சீக்கிரம் முடிங்க"ன்னா எத முடிக்கறது? ஆள வச்சு வேலை வாங்கறவங்க பேச்சுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில புரொடக்ஷன் பாக்கறேன். இது முன்னாடி இருந்த யூனிட்ல நடந்தது, பேரு வேண்டாம். குழந்தைங்க டிஷர்ட் ஆர்டர், மறுநாள் காலைல பையரோட க்யூசி, அதாவது தரம் பாக்கறவர், இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றார், சாயங்காலம் நான் ஃபோன காதுல வச்சுக்கிட்டே சூப்பர்வைசர்கிட்ட "நைட்டுக்குள்ள சீக்கிரம் முடிச்சிருங்க"ன்னேன், அவரும் "சரிங்ணா"ன்னார், நான் வீட்டுக்கு கிளம்பிட்டேன். காலைல வந்து பாத்தா டேபிள் முழுக்க பீஸ் சைஸ் வாரியா அடுக்கி இருக்கு, ஒண்ணுல கூட நூல் தொங்கல, செக்கிங் அவ்ளோ சுத்தம், ஆனா அட்டைப்பெட்டி கட்டு மட்டும் வந்த கயிறு கூட பிரிக்காம சுவத்தோரமா சாஞ்சிருக்கு. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்னா பொதுவா 80 சதவீத சரக்காவது பெட்டில ஏறியிருக்கணும். க்யூசி பாத்தார், டீ கூட குடிக்காம கிளம்பிட்டார்.

திட்ட வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அவர் மேல என்ன தப்பு? நான் "முடிங்க"ன்னேன், அவர் கையில இருந்தது செக்கிங், முடிச்சார். "காலைல பத்து மணிக்கு க்யூசி நிக்கறப்ப 80 சதவீதம் பெட்டில இருக்கணும்"னு சொல்லியிருந்தா எந்த ஆள எங்க மாத்தணும்னு அவருக்கே தெரியும், என்னை விட நல்லாவே தெரியும். நாமெல்லாம் பண்ற மொத தப்பு இதுதான், வேலைய சொல்லுவோம், அது எதுக்கு, முடிஞ்சா எப்படி இருக்கணும்னு மட்டும் மனசுக்குள்ளயே வச்சுக்குவோம்.

இதுக்கு காரணம் திமிர் இல்ல, நமக்கு தெரியறது கீழ இருக்கறவங்களுக்கும் தெரியுதுன்னு நெனைக்கறதுதான். 1854ல கிரிமியா போர்ல பாலக்லாவாங்கற எடத்துல நடந்தது இதேதான். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் மேட்டு மேல நிக்கறார், ரஷ்யாக்காரங்க ஒரு பக்கமா பீரங்கிய எடுத்துட்டு போறது அவருக்கு தெரியுது, "பீரங்கிய கொண்டு போக விடாதீங்க"ன்னு சீட்டு எழுத வச்சு அனுப்பறார். பள்ளத்துல நின்ன குதிரைப்படை தளபதி லூகனுக்கு அந்த பீரங்கி கண்ணுலயே படல, எந்த பீரங்கின்னு கேட்டா சீட்டு கொண்டு வந்த நோலன் கைய வீசி ஒரு திக்க காட்டறார். கடைசில 670 பேருக்கு கிட்ட குதிரைல பள்ளத்தாக்கு கடைசில இருந்த வேற பீரங்கி வரிசைக்கு நேரா போனாங்க, நூறு பேருக்கு மேல செத்தாங்க. உங்க கேபின்ல இருந்து தெரியற எக்ஸ்போர்ட் ஷெட்யூல் லைன்ல நிக்கறவங்களுக்கு தெரியாதுங்க.

அடுத்தது "புரிஞ்சுதா?"ங்கற கேள்வி. இதுக்கு நம்ம ஊர்ல ஒரே பதில்தான், "சரிங்ணா". புரியலன்னு சொன்னா மரியாதைக் குறைச்சலா போயிரும்னு ஒரு பயம். 1977 மார்ச் 27ல ஸ்பெயினோட டெனரீஃப் தீவு ஏர்போர்ட்ல பனிமூட்டம், கேஎல்எம் விமானத்துல இருந்து "இப்ப டேக் ஆஃப்ல இருக்கோம்"னாங்க, கன்ட்ரோலர் அவங்க கிளம்பத் தயாரா நிக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டு "ஓகே"ன்னார், அதுக்கப்புறம் "நான் கூப்பிடறேன், இருங்க"ன்னு சொன்னது அதே ரன்வேல இருந்த பான் ஆம் விமானத்தோட ரேடியோ பேச்சும் சேர்ந்து வந்ததால கேஎல்எம்காரங்களுக்கு சரியா கேக்கல, கிளம்பிட்டாங்க. ரெண்டு விமானமும் ரன்வேல மோதி 583 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் டேக் ஆஃப்ங்கற வார்த்தைய அனுமதி குடுக்கறப்பவோ ரத்து பண்றப்பவோ தவிர வேற எங்கயும் சொல்லக்கூடாதுன்னு ஆச்சு.

நான் இப்ப "புரிஞ்சுதா"ன்னு கேக்கறதே இல்ல, "மொதல்ல எதுல கை வைப்பீங்க?"ன்னு கேப்பேன். தப்பா புரிஞ்சிருந்தா பதில்லயே தெரிஞ்சிரும். லைன்ல ஒடிசா, பீகார் பசங்க நெறைய, சூப்பர்வைசர் சொல்றது இன்னொருத்தர் வாய்ல ஹிந்தியா மாறித்தான் அவங்ககிட்ட போய் சேரும், அதனால கடைசில நிக்கற பையன்கிட்டயும் ஒரு வாட்டி கேட்டுருவேன், அவன் பெட்டிய காட்டுனான்னா நிம்மதி.

"அர்ஜென்ட்"ங்கற வார்த்தைய பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாமே அர்ஜென்ட்னா யாரு சத்தமா கத்தறாங்களோ அவங்க வேலைதான் மொதல்ல நடக்கும், மணிய சொல்லிருங்க.

இன்னொண்ணு யாரும் தப்புன்னே நெனைக்காதது, டீ குடிக்கறப்ப சும்மா பேசறது. "இந்த லேபிள உள்பக்கம் வச்சா நல்லாருக்கும்ல"ன்னு நான் ஒரு நாள் சொல்லிட்டு போயிட்டேன், மத்தியானத்துக்குள்ள முந்நூறு பீஸ்ல லேபிள் உள்பக்கம். எனக்கு அது யோசனை, அவங்களுக்கு ஓனர் பக்கத்து ஆள் சொன்ன ஆர்டர். இப்பல்லாம் "சும்மா சொல்றேன், எதையும் மாத்த வேண்டாம்"னு சேத்தே சொல்லிர்றது, கேக்க கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கு, ஆனா முந்நூறு லேபிள் பிரிச்சு பாத்தவங்களுக்கு தெரியும்.

கடைசியா வாட்ஸப். நாலு நிமிஷ வாய்ஸ் நோட்ட மெஷின் சத்தத்துல யாரும் கேக்க மாட்டாங்க, கட்டை விரல் மட்டும் வரும். பிளான் மாறுனா புது மெசேஜ் போட்டுட்டு பழச டெலிட் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, "நேத்து அனுப்புன அளவு வேண்டாம், இதுதான்"னு ஆள கூப்பிட்டு சொல்லுங்க, ஏன்னா கட்டிங் மாஸ்டர் நேத்தே அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருப்பார்.