கல்மரம்: நிறத்தை விடுங்கள், வெட்டுமுகத்தைப் பாருங்கள்

கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரம், தேடப் போகிறவர்கள் முதலில் மயங்குவது நிறத்தில்தான். சிவப்பும் மஞ்சளும் இரும்பால் வருபவை, கறுப்பு பெரும்பாலும் கரிமத்தாலோ மாங்கனீசாலோ வருவது, சில இடங்களில் பச்சை நிறத்துக்குக் குரோமியம் காரணம். இதெல்லாம் மரம் புதைந்த மண்ணையும் அதில் ஊறிய நீரையும் பற்றிச் சொல்லுமே தவிர, அது என்ன மரம் என்று சொல்லாது. அதைச் சொல்வது உள்ளே கல்லாகிப்போன செல்கள். எரிமலைச் சாம்பலிலோ வண்டலிலோ மரம் சட்டென்று புதைந்து, காற்று படாமல் கிடந்து, சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) கரைந்த நீர் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இறங்கிப் படிந்திருந்தால், பல கோடி ஆண்டுகள் கழித்தும் அந்தச் செல்களை நாம் பார்க்கலாம். அப்படிப் பார்க்க முடிகிற துண்டுதான் என் கணக்கில் அரிய துண்டு, அது மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தாலும் சரி.

எடுப்பதற்கு முன் அந்த நிலம் யாருடையது, சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிடுங்கள். அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அதே அமெரிக்காவில், நில மேலாண்மைத் துறையின் கீழுள்ள பொதுநிலங்களில், தடை இல்லாத இடமாக இருந்தால், சொந்தச் சேகரிப்புக்காக ஒரு நாளைக்கு 25 பவுண்டும் அதோடு ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு வரையும் எடுக்கலாம், விற்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு.

தேட நல்ல நேரம் மழை கழுவிவிட்ட மறுநாள். ஆற்றோரச் சரளை, அரித்தோடிய ஓடைக்கரை, சாம்பல் படிவு வெளியே தெரிகிற சரிவு, இங்கெல்லாம் வெயில் சாய்ந்திருக்கும்போது நடந்தால் சிலிக்கா பளிச்சென்று கண்ணில் படும். கையில் எடுத்தால் மரம்போலத் தெரியும், ஆனால் கல்லுக்குரிய கனம் இருக்கும். குவார்ட்ஸாக (சிலிக்காவின் கடினமான படிகமாக) மாறியது என்றால் கத்தி முனை கீறாது. கீறினால், ஒரு மூலையில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்.

வரிவரியான பாறைகள் நிறையப் பேரை ஏமாற்றிவிடும். ஒரு வழி சொல்கிறேன்: துண்டை மூன்று பக்கமும் திருப்பிப் பாருங்கள். மரமாக இருந்தால் நீளவாக்கில் நார் ஓட்டமும், குறுக்கே வளையமோ புள்ளிகளோ வேறு அமைப்பும் தெரியும். வரிப்பாறையில் பக்கவாட்டில் பார்த்தாலும் முனையில் பார்த்தாலும் அதே பட்டைகள்தான்.

அப்புறம்தான் உண்மையான வேலை, அது என்ன மரம் என்று கண்டுபிடிப்பது. சுத்தியலால் தட்ட வேண்டாம், நார்வாக்கில் பிளந்து போய்விடும். முனை ஏற்கெனவே குறுக்கே உடைந்திருந்தால் அந்த வெட்டுமுகத்தைக் கழுவி, நனைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். அறுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் ஓடும் வைர ரம்பத்தில் அறுங்கள், ஏனென்றால் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

லென்ஸில் செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், தேன்கூடுபோல நேர்வரிசையில் இருந்தால் ஊசியிலை மரம். இடையிடையே பெரிய துளைகள் தெரிந்தால் அவை நீர் ஏற்றும் சைலக்குழாய்கள், அப்படியானால் அது பூக்கும் மரம். அந்தத் துளைகள் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் கூட்டமாக இருந்து, மையத்திலிருந்து அகலமான கதிர்களும் ஓடினால் ஓக்காக இருக்கலாம். வளையமே இல்லாமல் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பனை இனம், நீளவாக்கில் அதே புள்ளிகள் கோல்கோலாகத் தெரியும்.

இவற்றைவிட அரிதானவை மரப்பெரணிகள். ஜெர்மனியின் கெம்னிட்ஸில் கிடைக்கும், சுமார் 29 கோடி ஆண்டு பழைய சரோனியஸ் என்ற மரப்பெரணியில், நடுத்தண்டில் புழுப்போல வளைந்த பட்டைகளும் அதைச் சுற்றி ஏராளமான வேர்களும் இருக்கும். டெம்ஸ்கியா என்ற இன்னொரு மரப்பெரணியில் ஒரே தண்டு இருக்காது, சின்னச் சின்னத் தண்டுகள் பல, வேர்களால் கட்டுண்டு, ஒரு மரம்போல நின்றவை. கிங்கோ என்ற மரத்தை லென்ஸால் உறுதி செய்ய முடியாது, பார்க்க ஊசியிலை மரம் மாதிரியே இருக்கும். அதற்கு 0.03 மில்லிமீட்டர் தடிமனில் தேய்த்தெடுத்த சீவல் வேண்டும், அதுவும் மூன்று திசைகளில், நுண்ணோக்கியோடு. அரிசோனாவின் மரங்களைக்கூட நீண்ட காலம் ஒரே பெயரில்தான் அழைத்தார்கள், பின்னால் மீண்டும் ஆராய்ந்தவர்கள் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் துண்டோடு வைக்கும் பெயர்ச்சீட்டில் இனப்பெயரை அவசரப்பட்டு எழுதாமல் "ஊசியிலை மரம்" என்றே எழுதி வையுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் எடுத்த இடத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள்: ஜிபிஎஸ் எண், எந்தப் படிவு, தேதி. இடம் தெரிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் பாதி மரங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சீட்டு எப்படியும் ஒருநாள் தொலையும், ஆகவே கல்லின் கரடான பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் மையால் எண் எழுதி, வார்னிஷ் பூசிவிடுங்கள். வெட்டுமுகத்தின் மேல் மட்டும் எதையும் பூசாதீர்கள்.