ஊதா நிற லிங்க் சொல்லிவிடும்

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுடையது மூன்று கம்ப்யூட்டர் உள்ள சின்ன பிரவுசிங் சென்டர். ஒருநாள் மாமியாருக்காக ஈரோட்டு ஆஸ்பத்திரிகளைத் தேடிக்கொண்டிருந்த பெண், "ஏனுங்க அக்கா, இந்த ரெண்டு மட்டும் ஏனுங்க ஊதாவா இருக்குது?" என்று கேட்டாள். இரண்டுமே குழந்தையின்மை சிகிச்சை மையங்கள். அரை மணி நேரம் முன்னால் அதே சீட்டில் இருந்து எழுந்துபோன தம்பதியை அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திறந்து பார்த்த லிங்க்கை பிரவுசர் நிறம் மாற்றிக் காட்டும். முன்பெல்லாம் இதை வைத்தே, நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று இணையதளங்களும் திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்தன. பக்கத்தில் லிங்க்குகளைப் போட்டுவிட்டு, எது நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். குழந்தையின்மை, கடன் தொல்லை பற்றிப் படித்தவர்களை இப்படிப் பிரித்தெடுத்ததற்காக எபிக் மார்க்கெட்பிளேஸ் என்ற விளம்பர நிறுவனத்தின் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷன் 2012-இல் நடவடிக்கை எடுத்தது.

அதற்கு முன்பே பிரவுசர்கள் அந்த நேரடி வழியை அடைக்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் சுற்றுவழிகள் மிச்சமிருந்தன. 2025 ஏப்ரலில் வந்த குரோம் 136, எந்தத் தளத்தில் இருந்து லிங்க்கை அமுக்கினோமோ அந்தத் தளத்தில் மட்டும்தான் நிறம் மாற்றுகிறது. அதனால் முதலில் குரோமை அப்டேட் செய்யுங்கள். மெனுவில் ஹெல்ப், அதில் அபவுட் குரோம் போனால் எண் தெரியும்.

ஃபயர்பாக்ஸ் என்றால் கம்ப்யூட்டரில் நிறத்தையே நிறுத்தலாம். முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, கன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் விசிட்டட் என்று தேடினால், 'விசிட்டட் லிங்க்ஸ் எனேபிள்டு' என்று முடியும் ஒரு வரி கிடைக்கும். அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். எதைப் படித்தோம் என்ற அடையாளம் போய்விடும், எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் பலர் உட்காரும் இடத்தில் குரோம் 136 மட்டும் காப்பாற்றாது. கூகுளில் அமுக்கியது, அடுத்தவர் அதே கூகுளில் தேடும்போதும் ஊதாவாகத்தான் தெரியும். எங்கள் சென்டரில் இப்போது குரோமின் கெஸ்ட் ஜன்னலைத் திறந்துதான் ஆளை உட்கார வைக்கிறேன்; அதை மூடினால் பார்த்தது எல்லாம் தானே அழிந்துவிடும். எழுந்ததும் நானே எல்லா ஜன்னலையும் மூடுகிறேன். கீழே சுருக்கி வைத்த ஒன்று விட்டுப்போனாலும் லாகின் அப்படியே நிற்கும். சாதாரண ஜன்னலில் யாராவது பார்த்துவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கி, 'ஆல் டைம்' என்று தேர்ந்தெடுத்து ஹிஸ்டரியை அழித்துவிடுகிறேன்.